ஒரே அமுக்கில் மறைந்த பதினொரு யன்னல்கள்

போன மாதம் ஒரு கடிதத்துக்கு முத்திரை வாங்க உங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு வந்திருந்தேன். நான் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்திருந்த அதே வெள்ளவத்தை மாடிதான். படிகள் மட்டும் எனக்கு அதிகமாகிவிட்டன. ஆளுக்கு இரண்டு திரை, குளிரூட்டி, சுழலும் கதிரை. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஒரு பிள்ளையின் மேசைக்குப் பின்னால் நான் போய் நின்றதும், அந்தப் பிள்ளையின் விரல் ஒரு விசையைத் தட்டியது. திரையில் இருந்ததெல்லாம் ஒரே நொடியில் மறைந்து, வெறும் நீலம் மிஞ்சியது.

சேலைக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் அந்த விரல் அசைவை நான் நன்றாக அறிவேன். உங்கள் மேலாளர், "புதுசா வந்த பிள்ளையளுக்கு உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்று கேட்டார். பெரிய அனுபவம் ஒன்றும் இல்லை. சத்தியக்கடதாசி, கலியாணப் பத்திரம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் என்று மற்றவர்களின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் அடித்தே என் கண் மங்கிவிட்டது. அந்த விரல் அசைவைப் பற்றி மட்டும் எழுதித் தருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது சண்டைக் காலத்தின் நடுவில். மூன்று கொம்பியூட்டர், ஊசி குத்திக் குத்தி அடிக்கும் ஒரு பிரிண்டர், வாசலில் வந்தவர்கள் இருக்க ஒரு வாங்கு. வேலை மலைபோலக் குவியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ஒருபக்கம், வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் மறுபக்கம். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, லொட்ஜில் தங்கக் கடிதம் என்று எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். எல்லாத் தாளும் வேறொரு மொழியில் வேண்டும். முதலாளி ஐயா சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். காலையில் நீதிமன்றப் பக்கம் போய்விட்டு மத்தியானம் வந்து, நாங்கள் அடித்ததைச் சரிபார்த்துக் கையெழுத்தும் முத்திரையும் வைப்பார். தமிழில் வருவதை நான் ஆங்கிலத்தில் அடிப்பேன். அதைப் பார்த்து அடுத்த மேசையில் இருந்த அக்கா சிங்களத்தில் அடிப்பார்.

அக்காவின் பெயரை எழுத மாட்டேன். அவருக்கு அது பிடிக்காது. தெமட்டகொடையிலிருந்து பஸ் மாறி வருகிற சிங்களப் பெண். என்னைவிட நாலு வயது கூட இருக்கும். என்னை நங்கி என்பார், தங்கச்சி என்று. தமிழ் நன்றாக விளங்கும். பேசும்போது மட்டும் சிங்கள வாடை இருக்கும்.

நான் அப்போது எந்தத் தாளையும் திரை முழுக்க விரித்து வைத்து வேலை செய்கிற ஆள். ஒரு யன்னலுக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று பத்துப் பன்னிரண்டு கிடக்கும். எல்லாம் ஒரே படிவம். மேலே உள்ள பெயர் மட்டும்தான் வேறு. ஒருநாள் ஒரு மாப்பிள்ளையின் தகப்பன் பெயரைக் கொண்டுபோய் ஒரு கன்னியாஸ்திரியின் பத்திரத்தில் அடித்துவிட்டேன். சிங்களத்தில் அடிக்கும்போது அக்காதான் பிடித்தார். சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. எழுந்து வந்து என் திரையிலிருந்த யன்னல்களை எல்லாம் சுருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிட்டார்.

"நங்கி, ஒரு ஆளுக்குப் பின்னால இன்னொரு ஆளை நிக்க வைக்காதே. எல்லாரும் தெரிய வேணும்" என்றார்.

அவருடைய திரை எப்போதும் அப்படித்தான் இருக்கும். மரக்கறிக் கடைக்காரன் கூடைகளைப் பரப்பி வைத்ததுபோல எல்லாம் கண்ணுக்கு முன்னால். எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. இத்தனை சின்னப் பெட்டிக்குள் எப்படி வாசிப்பது? இரண்டு நாள் அப்படி வைத்துப் பார்த்துவிட்டுப் பழையபடி விரித்துக்கொண்டேன். நல்ல புத்தி சொன்னால் கேட்கிற வயதா அது?

அதைவிட ஒரு பழக்கம் எனக்கு இருந்தது. எனக்கு மட்டுமல்ல, அந்த நாளில் வெள்ளவத்தையில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்த முக்கால்வாசித் தமிழருக்கு இருந்தது. படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் கை தானாக விசைக்குப் போகும். எல்லா யன்னலும் ஒரே அமுக்கில் திரையின் அடிப்பட்டைக்குள் இறங்கிவிடும். ஒன்றும் அழிவதில்லை, கண்ணுக்குத்தான் தெரியாது. அதில் மறைப்பதற்கு என்ன இருந்தது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் சண்டைக் காலத்துக் கொழும்பில் காலி வீதியால் நடந்து பார்த்திருக்க மாட்டார். நாங்கள் வெறும் மடியோடுதான் பயந்தோம்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து ஸ்டெல்லா என்று ஒரு பெண் வந்தார். எட்டு மாத வயிறு. ஒவ்வொரு படியாக நின்று மூச்சு வாங்கித்தான் ஏறி வந்தார். அவருடைய கணவர் அன்ரன் துறைமுகத்தில் கிளார்க். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அட்டையில் இருக்கிறது. மூன்று கிழமைக்கு முன்னர் வேலை முடிந்து வரும்போது சோதனைச்சாவடியில் பிடித்துவிட்டார்கள். இப்போது விளக்கமறியலில். அன்றைக்குப் பின்னேரம் வழக்குக்குத் தவணை.

"மிஸ், லோயர் ரெண்டு மணிக்குப் புதுக்கடைக் கோட்டடியிலை நிப்பார். அதுக்குள்ளை இந்தக் கடதாசியள் எல்லாம் சிங்களத்திலை அவற்ற கையிலை இருக்கவேணுமாம். இருந்தா இண்டைக்கே பிணை கேக்கலாமாம்" என்றார். "இல்லாட்டி அடுத்த தவணையாம். அதுக்குள்ளை எனக்குப் பிள்ளை பிறந்திடும்."

நாலு தாள் இருந்தது. அன்ரனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், வேலைத்தலக் கடிதம், பொலிஸ் பதிவு, ஸ்டெல்லாவின் சத்தியக்கடதாசி. நான் கையிலிருந்த மற்ற வேலைகளை அப்படியே விட்டுவிட்டு இதைத் தொடங்கினேன். விட்டேனே தவிர மூடவில்லை. ஏழு யன்னல் ஏற்கனவே கிடந்தன, இதனுடன் பதினொன்று.

சத்தியக்கடதாசியில் ஒரு பந்தி இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். என் கணவர் வழமையான பாதையில் வந்துகொண்டிருந்தார். தூரத்தில் சோதனைச்சாவடியைக் கண்டதும் பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பினார். அவரிடம் அடையாள அட்டையும் வேலைத்தல அட்டையும் இருந்தன. மறைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. பயத்தினாலேயே அவர் திரும்பினார். இவ்வளவுதான்.

அதை அடிக்கும்போது எனக்குள் ஒரு எரிச்சல் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். என்ன மனிசன் இவர் என்று நினைத்தேன். அட்டை சட்டைப்பையில் இருக்கிறது. நேரே போய்க் காட்டியிருந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்திருப்பார். பிள்ளைத்தாச்சிப் பெண்ணை இப்படி அலைய விட்டுவிட்டாரே என்று மனசுக்குள் ஏசிக்கொண்டே அடித்தேன். அருகே வாங்கில் ஸ்டெல்லா செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தார்.

பதினொன்றரைக்கு ஆங்கிலம் முடிந்தது. அக்கா மூன்று தாளைச் சிங்களத்தில் முடித்துச் சத்தியக்கடதாசியில் பாதிக்கு வந்திருந்தார். ஐயா ஒரு மணிக்கு வந்து கையெழுத்து வைத்தால் ஓட்டோவில் புதுக்கடைக்குப் போய்விடலாம். நேரம் தாராளமாக இருந்தது. கடைசியாக ஒருதரம் பெயர்களைச் சரிபார்க்க நான் யன்னல்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கீழே ஜீப் வந்து நின்றது. ஒழுங்கையின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டார்கள். சுற்றிவளைப்பு எங்களுக்குப் புதிதல்ல. வருவார்கள், அட்டை பார்ப்பார்கள், மேசை லாச்சியைத் திறப்பார்கள், போவார்கள். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஒரு சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே கால் வைத்தார். பின்னால் இரண்டு பொலிஸ்காரர். என் கை விசைக்குப் போய்விட்டது. பதினொரு யன்னலும் அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே மறைந்தன.

அவர் மற்ற எதையும் பார்க்கவில்லை. நேரே என் மேசைக்கு வந்தார்.

"மொனவத வெஹுவே?" என்றார். எதை மூடினாய் என்று கேட்கிறார்.

எனக்குச் சிங்களம் தெரியும். கடைக்காரரோடு சண்டை பிடிக்கும் அளவுக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் ஒரு சொல் வரவில்லை. "ஒண்டுமில்லை சேர்" என்று தமிழில் சொன்னேன். அதுதான் இரண்டாவது பிழை. அவர் பொலிஸ்காரரைப் பார்த்து, பெட்டியைக் கழற்றச் சொன்னார். கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள். ஒருவர் குனிந்து பின்பக்க வயர்களில் கை வைத்துவிட்டார்.

ஸ்டெல்லா வாங்கிலிருந்து எழுந்தார். "மிஸ், அதுக்குள்ளைதானே அவற்ற எல்லாம் இருக்குது" என்றார்.

அக்கா எழுந்து வந்தார். ஓடி வரவில்லை. கதிரையை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு வந்தார். "மஹத்தயா, பொட்டக் இன்ன" என்றார், கொஞ்சம் பொறுங்கள் என்று. என்னைத் தோளில் பிடித்து ஒதுக்கிவிட்டு, அடிப்பட்டையில் மவுஸை வைத்து ஏதோ செய்தார். பதினொரு யன்னலும் மேலே வந்து, ஒன்றையொன்று மறைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக்கொண்டு நின்றன. பிறகு சப்-இன்ஸ்பெக்டரிடம், "பலன்ன" என்றார். பாருங்கள். ஒவ்வொன்றாக விரலை வைத்துச் சிங்களத்தில் சொன்னார். இது கலியாணப் பத்திரம். இது வீட்டு வாடகை ஒப்பந்தம். இது பள்ளிக்கூடக் கடிதம். மூலையில் ஒரு சீட்டு விளையாட்டு, பாதியில் நிற்கிறது. அதையும் மறைக்கவில்லை. இது இந்த நங்கியின் விளையாட்டு என்று அதையும் காட்டினார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் சத்தியக்கடதாசியை மட்டும் விட்டிருப்பேன். பொலிஸார் பிடித்த கதை அதில் இருக்கிறது. அதைப் போய் இன்னொரு பொலிஸ்காரருக்குக் காட்டுவதா? அக்கா அதையும் காட்டினார். காட்டியது மட்டுமல்ல, தன்னுடைய மேசைக்கு அழைத்துப் போய்ச் சிங்களத்தில் பாதி அடித்திருந்ததை வாசிக்கச் சொன்னார்.

சப்-இன்ஸ்பெக்டர் இளம் ஆள்தான். முகமெல்லாம் வேர்வை. விடியலில் இருந்து அலைந்திருப்பார் போல, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று வாசித்தார். சோதனைச்சாவடியைக் கண்டு திரும்பினார், மறைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை என்ற இடம் வரைக்கும்தான் அக்கா அடித்திருந்தார். அதை வாசித்து முடித்துவிட்டு ஸ்டெல்லாவின் வயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எஹெனம் ஓயா ஐ வெஹுவே?" என்று கேட்டார். அப்படியானால் நீ ஏன் மூடினாய்?

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று இப்போது நினைக்கிறேன். பத்து மணியிலிருந்து நான் எவரை மனசுக்குள் ஏசிக்கொண்டிருந்தேனோ, அந்த மனிசரிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்.

பெட்டியைக் கொண்டுபோகவில்லை. அக்கா காப்பாற்றினார். ஆனால் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் பொலிஸ்காரருக்கு அதை முடித்துவைக்க வழி வேண்டும். கொம்பியூட்டரில் உள்ளதெல்லாவற்றையும் அச்சில் எடுத்து, ஒவ்வொரு தாளிலும் அது என்ன என்று சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச் சொன்னார். ஒரு பொலிஸ்காரரைக் காவலுக்கு இருத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். மற்ற இரண்டு கொம்பியூட்டரையும் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்த பிரிண்டர் ஒரு பக்கம் அடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. கர்ர் கர்ர் என்று ஒரு வரி, பிறகு ஒரு யோசனை, பிறகு அடுத்த வரி. அக்கா விளக்கம் எழுதுவதா, சத்தியக்கடதாசியை முடிப்பதா? இடையிடையே ஓடிப்போய் இரண்டு வரி அடித்துவிட்டு வருவார். ஐயா ஒரு மணிக்கு வந்தார், ஒழுங்கை முனையில் மறித்து வைத்துவிட்டார்கள். எங்கள் மாடி யன்னலால் பார்த்தால் வெயிலில் குடையோடு நிற்பது தெரிந்தது. ஸ்டெல்லா சுவர் மணிக்கூட்டையும் பிரிண்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று நாலு தரம் கேட்டிருப்பேன்.

ஒழுங்கையைத் திறந்து விட்டபோது மூன்று மணிக்குக் கிட்ட. ஐயா படியேறி வந்து, ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வைத்தார். ஸ்டெல்லாவோடு நானும் ஓட்டோவில் போனேன். புதுக்கடையில் லோயர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"கூப்பிட்டு முடிஞ்சுது. அடுத்த மாதம் பத்தாந் திகதி போட்டிருக்கினம்" என்றார்.

அந்த இரண்டாவது தவணையில் அன்ரன் வெளியே வந்தார். அதற்குப் பதினொரு நாளைக்கு முன்னர் ஸ்டெல்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது.

அன்று பின்னேரம் நான் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தபோது அக்கா பஸ்ஸுக்குப் போகாமல் இருந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"நங்கி, அவங்க கண்டது உன்ட பேப்பர் இல்ல. உன்ட கை" என்றார். "நாளைக்கும் வருவாங்க. வந்தா, கையை மேசைக்கு மேல வை. அவ்வளவுதான்."

அதன் பிறகு நான் எதையும் திரை முழுக்க விரித்ததில்லை. என் திரையும் மரக்கறிக் கடையாகிவிட்டது. எத்தனையோ சோதனை வந்தது, போனது. சப்பாத்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இரண்டு கையையும் மேசையில் பரப்பி வைப்பேன். விரல் விசைக்குப் போகப் பார்க்கும். விடமாட்டேன். இதைத் தைரியம் என்று நினைக்காதீர்கள். வருடக்கணக்காகப் பயத்தை மேசையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் ஆள் களைத்துத்தான் போவார். நான் இன்னும் அந்தக் களைப்பில்தான் இருக்கிறேன்.

இதோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். உங்களுக்குப் பாடம் கிடைத்துவிட்டது. ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது.

நாலு வருடம் கழித்து ஸ்டெல்லா மறுபடி படியேறி வந்தார். சண்டை அப்போதும் முடியவில்லை. குடும்பமாக வெளிநாட்டுக்குப் போகிறார்கள், மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும். சிரித்துக் கதைத்தார். அன்ரன் கீழே ஓட்டோவில் மகளோடு நிற்கிறார் என்றார். நான் ஒரு யன்னலைத் திறந்து அடிக்கத் தொடங்கினேன். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன், தாய் என்று படிவத்தில் ஒவ்வொரு கூடாக வந்தேன். கடைசியில் பிறப்பை அறிவித்தவரின் பெயர் என்று ஒரு கூடு இருக்கும். ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறேன். அநேகமாக அங்கே தகப்பனின் பெயர்தான் இருக்கும். பிள்ளை பிறந்ததும் போய்ப் பதிகிறவர் அவர்தானே. இந்தப் பத்திரத்தில் தாய் என்று இருந்தது. அன்ரன் மறியலில் இருக்க, பச்சை உடம்போடு பதிவுக் கந்தோர் வரிசையில் நின்று ஸ்டெல்லாவே பதிந்திருக்கிறார்.

என் விரல் நின்றுவிட்டது. "ஸ்டெல்லா, அண்டைக்கு நான் மட்டும் அதை மூடாமல் விட்டிருந்தா..." என்று தொடங்கினேன்.

அவர் வாங்கை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார்.

"மிஸ், நான் இவரைக் கேட்டனான், ஏனப்பா அந்த ஒழுங்கைக்குள்ளை திரும்பினனீங்கள் எண்டு. வெளியிலை வந்து எத்தினையோ தரம் கேட்டிட்டன். கோவத்திலையும் கேட்டனான். அவருக்குத் தெரியாதாம். கால் தன்பாட்டிலை திரும்பினதாம்." திரையில் மகளின் பெயரை விரலால் தொட்டார். "உங்கட கையும் அப்பிடித்தான். அண்டைக்கு உங்களைப் பாத்தாப் பிறகுதான் எனக்கு அவரிலை இருந்த கோவம் போனது."

நான் விரலை மறுபடி விசைப்பலகையில் வைத்தேன்.

"அந்தக் கூட்டிலை என்ர பேர்தானே. அடியுங்கோ. அவர் கீழை வெயிலுக்கை நிக்கிறார்" என்றார்.

அடித்தேன்.